தாத்தாவின் செருப்பு மாமாவின் செருப்பு

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். சென்ற டிசம்பரில் கேரல் குழுவினருடன் ஆடிக்கொண்டு வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் காலைப் பார்த்துவிட்டு, "இது மாமா செருப்பு" என்று மகள் சொல்லிவிட்டாள். அது என் தம்பிதான். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். இந்த ஆண்டு வீட்டில் ஸ்டார் கட்டியதிலிருந்து, "தாத்தா நிஜமா? தலையணைப் பக்கத்தில் பொருள் வைப்பது யார்?" என்று தினமும் கேட்கிறாள். பத்து நாட்களாக, படுக்கப் போகும் நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்கிறாள். உண்மையைச் சொன்னால் மனம் உடைந்துவிடுவாளா? நாளை இயேசுவைப் பற்றிச் சொல்வதையும் நம்ப மாட்டாளே என்று என் அம்மா வேறு பயப்படுகிறார்.

பதில்: வயிற்று வலியை முதலில் பார்த்துவிடுவோம். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்குத் தொப்புளைச் சுற்றி, ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து, பகலில் ஓடியாடும்போது காணாமல் போகிற வலி பெரும்பாலும் குடலில் நோய் இருப்பதால் வருவதில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு மனக் கலக்கத்தின்போது கூர்மையாகிவிடுவதால் வருகிறது. அதனால் அவள் நடிக்கிறாள் என்று பொருளல்ல, வலி உண்மையானதுதான். மலச்சிக்கல் இருக்கிறதா என்று மட்டும் அவளிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள், ஏனெனில் இந்த வயதில் வயிற்று வலிக்கு மிகச் சாதாரணமான காரணம் அதுதான், அதைப் பிள்ளைகள் தாமாகச் சொல்வதும் இல்லை. பூச்சி மாத்திரை பள்ளிகளிலேயே கொடுக்கப்படுகிறது. வலி என்று சொல்லும்போதெல்லாம் வீட்டில் மேலும் மேலும் கொடுக்க வேண்டாம். வலி அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, காய்ச்சல், தொடர் வாந்தி, பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலோ, இந்தப் பதிலை மறந்துவிட்டு உடனே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். (டிசம்பரில் வயிற்று வலி என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு முந்திரிக்கொத்தும் கேக்கும்தான் காரணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இவை எதுவும் இல்லையென்றால், வலி ஏன் படுக்கைக்குப் போகும் நேரத்தில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பரிசு வந்து சேரும் இடம் அந்தத் தலையணை, பதில் கிடைக்காத கேள்வியோடு அவள் தனியாகப் படுத்திருக்கும் இடமும் அதுதான். உங்கள் கடிதத்தில் 'சமாளித்துவிட்டேன்' என்ற ஒரு சொல்தான் எனக்கு உறுத்தியது. தாத்தா பொய் என்பது அவளுக்கு ஓராண்டாகத் தெரியும். தன் கண்ணால் கண்ட செருப்பை அம்மா ஏன் இல்லை என்றாள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஏழு, எட்டு வயதில் பிள்ளைகளின் சிந்தனை மாறுவதை ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அதுவரை கேட்ட கதையை அப்படியே ஏற்றுக்கொண்ட குழந்தை, அந்த வயதில் கண்ணெதிரே உள்ளவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத் தொடங்குகிறது. ஒரே இரவில் குழித்துறைக்கும் கருங்கலுக்கும் தக்கலைக்கும் ஒரே ஆள் எப்படிப் போவார் என்று கேட்கிறது. நம் மாவட்டத்திலோ ஒரே சந்திப்பில் இரண்டு சபைகளின் கேரல் குழுக்கள் எதிரெதிரே வந்து, ஒல்லியான தாத்தாவும் தொந்தியுள்ள தாத்தாவும் கைகுலுக்கிக்கொள்வதைக் கண்ட பிள்ளைக்கு அதிகம் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் மகள் முகமூடியைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தது அறிவு சரியாக வளர்வதன் அடையாளம். அமெரிக்காவில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நம்பிக்கையை விட்டுவிட்ட 52 பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பொதுவாக ஏழு வயதளவில் தாமாகவே உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள், பெரும்பாலும் அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்கள். வருத்தம் அதிகமாக இருந்தது பெற்றோருக்குத்தான். ஆகவே, மனம் உடையப் போவது யாருக்கு என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் தூங்கிய பிறகு, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் அருகில் அமருங்கள். உடனே விளக்கம் சொல்லத் தொடங்காமல், "நீ என்ன நெனைக்கிய மக்களே?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள். இன்னும் ஓராண்டு நம்பிக்கொண்டிருக்கத்தான் விருப்பம் என்பதுபோல் அவள் பேச்சை மாற்றினால், வலிந்து உடைக்க வேண்டாம். "மாமாதானே?" என்று நேராகக் கேட்டால், "ஆமாம், மாமாதான். போன வருஷம் நீ சரியாகத்தான் சொன்னாய், அம்மா மறைத்தது தவறு" என்று ஒப்புக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவள் அழுதால் அழட்டும்; 'இதற்குப் போய் அழுவார்களா' என்று சொல்லாமல் உடனிருந்தால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. தலையணையருகே வைத்த பொருட்களை வாங்கியது குவைத்தில் வெயிலில் உழைக்கும் அவளுடைய அப்பாவின் சம்பளம். இத்தனை ஆண்டுகளாக அதற்கான நன்றி முழுவதும் பஞ்சுத் தாடிக்காரருக்குப் போயிருக்கிறது. அந்தப் பொம்மையை அப்பாதான் அனுப்பினார் என்று அவள் அறிவதில் அவளுக்கு இழப்பு எதுவும் இல்லை. கணவரிடம் முன்னதாகப் பேசி வைத்து, மறுநாள் வீடியோ அழைப்பில் அதை அவரே அவளிடம் சொல்லும்படி செய்யுங்கள்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் அஞ்சுவது நடக்குமென்றால், தாத்தா இல்லை என்று சொல்வதால் நடக்காது. இருக்கிறார் என்று தொடர்ந்து சாதிப்பதால்தான் நடக்கும். தாத்தா பெரியவர்கள் பிள்ளைகளுக்காக ஆடும் விளையாட்டு, நம் ஜெபம் விளையாட்டல்ல என்று இரண்டையும் நீங்களே பிரித்துச் சொல்லிவிட்டால், அவள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள மாட்டாள். இந்த வேடத்துக்குப் பின்னால் உண்மையான மனிதர் ஒருவர் இருந்தார் என்பதையும் அம்மாவே பேத்திக்குக் கதையாகச் சொல்லலாம். இன்றைய துருக்கியில் உள்ள மீரா என்ற ஊரில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ்தான் அவர். ஏழைத் தகப்பன் ஒருவனின் மூன்று பெண்களுக்காக இரவில் ரகசியமாகப் பொன் வைத்துவிட்டுப் போனார் என்பது மரபு, டிசம்பர் 6 அவருடைய திருநாள். அதோடு, 'சேட்டை செய்தால் தாத்தா வர மாட்டார்' என்று யாராவது வீட்டில் மிரட்டிக்கொண்டிருந்தால், இரு பிள்ளைகள் விஷயத்திலும் அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

தம்பியிடம் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அவனிடம் பொய் சொல்லச் சொல்லாதீர்கள். அவன் எதைக் கேட்டாலும் "அம்மாவிடம் கேள்" என்று அவள் சொன்னால் போதும். இந்த ஆண்டு அவன் தலையணையருகே என்ன வைப்பது என்பதை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தாத்தா வேடம் கட்டும்போது என்ன செருப்புப் போடலாம் என்று மாமாவுக்கும் அவள் யோசனை சொல்லக்கூடும்.

பேசிய பிறகு வலியைப் பற்றி நீங்களாகத் தினமும் விசாரிக்க வேண்டாம். அவள் சொன்ன நாட்களை மட்டும் ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரங்களில் வலி குறையவில்லை என்றாலோ, அவள் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் விட்டுப்போன பழக்கம் திரும்பினாலோ, காரணம் தாத்தா அல்லாமல் வேறு ஏதோ இருக்கலாம். அப்பாவைப் பிரிந்திருப்பதும், பள்ளியில் யாரேனும் அவளைத் துன்புறுத்துவதும் அதில் அடங்கும். அப்போது அந்தக் காலண்டரையும் எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசகர்களிடம் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.