மஞ்சளாக வரும் போர் தண்ணீர்: குரோமியம் டெஸ்டுக்குக் கொடுப்பதற்கு முன்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் போர் தண்ணீர் லேசாக மஞ்சளாக வருகிறது. டிடிஎஸ் மீட்டரில் 1,400 காட்டுகிறது. இது குரோமியமா? லேபில் என்ன டெஸ்ட் என்று கேட்க வேண்டும்?"

குரோமியம் இருக்கிறதா இல்லையா என்று அந்த மீட்டரால் சொல்லவே முடியாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் மொத்த உப்பைத் தோராயமாகச் சொல்வதுதான் அதன் வேலை. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதற்கு மேல் தளர்வும் கிடையாது. அந்த எல்லையைப்போல் 20 மடங்கு குரோமியம் இருந்தாலும் உங்கள் 1,400-ல் இரண்டு மூன்று எண்தான் கூடும், அந்த மீட்டரின் பிழையே அதைவிட அதிகம்.

மஞ்சள் நிறத்துக்கு வருவோம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, அப்புறம் பழுப்பேறி அடியில் துரு மாதிரி படிந்தால் பெரும்பாலும் இரும்பு. முதல் நொடியிலிருந்தே மஞ்சளாக இருந்து, ஒரு துளி படியாமல், மறுநாளும் அதே தெளிந்த மஞ்சளாக நின்றால் குரோமியத்தைச் சந்தேகப்பட வேண்டும். உங்கள் ஊரில் அதற்குக் காரணமும் இருக்கிறது. 1995-ல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுப் போனது. ஆனால் ஒன்று, கண்ணுக்கு மஞ்சள் தெரிய ஆரம்பிப்பதே எல்லையைப்போல் பல மடங்கு போன பிறகுதான், அதனால் பக்கத்து வீட்டுப் போரில் தண்ணீர் நிறமில்லாமல் வருகிறது என்பதால் அவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

குரோமியம் இரண்டு வடிவத்தில் வரும், டெஸ்டும் அதனால் இரண்டு. தோல் பதனிட உப்பாகப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், சாதாரணத் தண்ணீரில் அதிகம் கரையாது. குரோமேட் தொழிற்சாலைக் கழிவில் பயப்பட வேண்டியது ஆறு இணைதிறன் குரோமியம், லேப் மொழியில் ஹெக்ஸாவேலண்ட் குரோமியம். அது நன்றாகக் கரைந்து, நிலத்தடி நீரோடு தூரமாகப் போகும், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. லேபில் வெறுமனே 'குரோமியம் பாருங்கள்' என்றால் மொத்தக் குரோமியம் மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். 'மொத்தக் குரோமியம், ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் இரண்டும் தனித்தனியாக வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள்.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான முறை பழையது, ஆனால் நல்லது. அமிலத் தண்ணீரில் டைபினைல்கார்பசைடு சேர்த்தால் செந்நீல நிறம் வரும், அந்த நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். மொத்தக் குரோமியத்துக்கு என்ன கருவி என்று கேளுங்கள். சுடர் வைத்த ஏஏஎஸ் 0.05 அருகில் தடுமாறும், கிராஃபைட் ஃபர்னஸ் ஏஏஎஸ் அல்லது ஐசிபி-எம்எஸ் என்றால் கவலையில்லை. லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் சான்றிதழ் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்தெந்த டெஸ்டுக்கு அங்கீகாரம் என்று சொல்லும் அந்தச் சான்றிதழின் ஸ்கோப் பட்டியலில் குடிநீர், ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இனி சாம்பிள். பெரும்பாலான ரிப்போர்ட் வீணாவது இங்கேதான், எவ்வளவு விலையுள்ள கருவி வைத்திருந்தாலும் கெட்டுப்போன சாம்பிளை அதனால் சரிசெய்ய முடியாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து பிடிக்காதீர்கள், போர் குழாயிலிருந்து நேராகப் பிடியுங்கள். மோட்டாரை ஓட விட்டு, சில நிமிடத்துக்கு ஒரு முறை டிடிஎஸ் பாருங்கள், எண் மாறாமல் நிலையாக நின்றால் குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போய், நிலத்தடி நீர் வருகிறது என்று அர்த்தம். உங்கள் மீட்டருக்கு உண்மையான பயன் இந்த இடத்தில்தான்.

இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும், லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கும். அதைக் கழுவாதீர்கள், வழிய விடாதீர்கள், கையில் படாமல் நிரப்பி மூடுங்கள். ஹெக்ஸாவேலண்டுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கவே கூடாது. அமிலம் சேர்ந்தால் தண்ணீரில் உள்ள மற்றப் பொருள்களோடு வினைபுரிந்து ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக மாறிவிடும், நீங்கள் தேடிப் போன விஷம் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வரும். இந்தப் பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தால் திங்கள்கிழமைதான் தொடுவார்கள், அதனால் வார ஆரம்பத்தில் போங்கள். முடிந்தால் இன்னொரு பாட்டிலில் காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) தண்ணீர் ஊற்றி, எது என்று சொல்லாமல் சேர்த்துக் கொடுங்கள். அதிலும் குரோமியம் என்று வந்தால் பாட்டிலிலோ லேபிலோ கோளாறு.

ரிப்போர்ட் வந்ததும் 'பிடிஎல்' என்று போட்டிருந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். கண்டறியும் அளவுக்குக் கீழே என்றுதான் அதற்குப் பொருள், அந்த அளவு எவ்வளவு என்று பாருங்கள். அது 0.1 மில்லிகிராம் என்றால், எல்லையே 0.05 என்னும்போது அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அலகையும் பாருங்கள், 50 மைக்ரோகிராம் என்பதும் 0.05 மில்லிகிராம் என்பதும் ஒன்றுதான். ஹெக்ஸாவேலண்ட் அளவு மொத்த அளவைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் ஏதோ ஒரு எண் தப்பு. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் நிலத்தடி நீர் ஏறும்போது கழிவு ஊறும் அளவு மாறும்.

எல்லையைத் தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி குரோமியம் இன்னும் செறிவாகும், யூவி விளக்கு உலோகத்தை ஒன்றும் செய்யாது. வேறு வழியே இல்லாதபோது ஆர்ஓ பெருமளவு குறைக்கும், ஆனால் வடிகட்டி வரும் தண்ணீரையும் டெஸ்டுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே குடியுங்கள். ரிப்போர்ட்டின் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்து திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். தெருவில் நாலைந்து போர் ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து, எந்தப் போர் எங்கே என்று குறித்துக் கொடுத்தால் கழிவு எந்தத் திசையில் நகர்கிறது என்று அவர்களுக்கே புரியும். ஆர்ஓவிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரில் குரோமியம் கூடுதலாக இருக்கும், அதைத் தென்னைக்கோ கீரைப் பாத்திக்கோ திருப்பி விடாதீர்கள்.