பரணில் ஏற்றிய புத்தகங்கள்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அம்மா மாத நாவல்தான் படிப்பார். நானும் அதில் தொடங்கி இப்போது நவீன இலக்கியத்துக்கு வந்திருக்கிறேன். போன மாதம் இலக்கிய நண்பர்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் நாவல்களை அள்ளிப் பரணில் வைத்துவிட்டேன். வளர்ந்த சூழல்தான் ஒருவரின் ரசனையைத் தீர்மானிக்கிறதா? பத்து வயது மகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

கே.

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாகவே எனக்கு என் அம்மா நினைப்பு. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கைக்கு எட்டுகிற உயரத்தில் புத்தகம் இருக்கட்டும், பிடித்ததை எடுக்கட்டும். சூழலும் ரசனையும் பற்றி பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இலேயே பெரிய புத்தகம் போட்டுவிட்டார். நம்முடையது என்று நாம் நினைக்கும் ரசனையில் பிறந்த வீட்டுக்கும் படித்த படிப்புக்கும் எவ்வளவு பங்கு என்று காட்டியவர். அவரே கிராமத்துத் தபால் ஊழியரின் மகன். சரி, அது கிடக்கட்டும். என்னால் விட முடியாதது அந்தப் பரண்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா பீடி சுற்றினாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுளகோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்ட வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் சுற்றினால் 40 கட்டு. கண்ணும் கையும் சுளகில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். ஆறாவது படித்த என்னை வாரப் பத்திரிகையோடு நடுவில் உட்கார வைப்பார்கள். நான் தொடர்கதை வாசிப்பேன், ஆளுக்குப் பத்து பீடி சுற்றி என் சுளகில் போடுவார்கள்.

வர்ணனை வந்தால் பெரியம்மா ஒருத்தி விடமாட்டாள். “ஏட்டி, மழைய விடு. அவ என்ன சொன்னா, அதச் சொல்லு.” பிற்பாடு கல்லூரியில் ஒரு பேராசிரியர் இதைத்தான் பாமர ரசனை என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் ஒரு கதையில், பல வருஷம் கழித்துப் புருஷன் திரும்பி வருகிறான். அவள் ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்து வைக்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. திண்ணையில் அத்தனை கையும் நின்றுவிட்டது. அம்மா மடியில் தூள் சிந்திக் கிடந்தது, தட்டவில்லை. “இன்னொருக்க வாசி” என்றாள். நின்ற கைக்குக் கூலி கிடையாது, தம்பி. அது தெரிந்தும் இரண்டாம் முறை கேட்டார்கள்.

கியூபாவின் தலைநகர் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இலிருந்து இப்படி வாசிக்கவே ஆள் வைத்தார்கள். சம்பளம் கொடுத்தது தொழிலாளர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் மாண்டிகிறிஸ்டோ பிரபு பற்றிய நாவல் அவர்களுக்குப் பிடித்துப்போய், மாண்டிகிறிஸ்டோ என்று ஒரு சுருட்டுக்கே பெயர் வந்தது. அதைப் படித்து வியக்கிற நாம்தான் நம் அம்மாக்களின் புத்தகத்தை ஒளித்து வைக்கிறோம்.

உங்கள் அம்மாவை யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் அவருக்கு என்றைக்காவது வாய்த்ததா? யோசித்துப் பார்த்தீர்களா? 400 பக்க நாவலுக்கு நாலு நாள் தனிமை வேண்டும், ஒரு மூலை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். உலை கொதிக்கிற நேரத்தில், குழந்தை தூங்குகிற நேரத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் படிப்பவருக்கு, விட்ட இடம் மறக்காத கதைதான் வேண்டும். மாத நாவல் அந்த நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. சூழல் சூழல் என்கிறீர்களே, அதில் முக்கால்வாசி இந்த நேரம்தான். உங்களுக்கு அந்த நேரம் எங்கிருந்து வந்தது? அவர் எழுந்து போய் வேலையைப் பார்த்ததால் வந்தது.

இதை வைத்து, மாத நாவலோடு நின்றிருக்கலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வெகுதூரம் வந்திருக்கிறீர்கள், இன்னும் போங்கள். வந்த வழியைப் பார்த்து வெட்கப்பட்டதுதான் எனக்குக் கோபம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டி அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அதில் எதை இரண்டாம் முறை படித்தார் என்று கேளுங்கள். கேட்கும்போது மகளும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.