அப்பாவின் பழைய ஸ்கூபா ரெகுலேட்டரை (நீருக்கடியில் மூச்சுவிட, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) சரிசெய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

வயதைப் பார்க்காதீர்கள், உதிரி பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். உடல் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. அது பல பத்தாண்டு தாங்கும். 1970களில் விற்ற ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் மார்க் 5 ரெகுலேட்டரை இன்றும் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போவது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), டயாஃப்ரம் (வளையும் மெல்லிய சவ்வு), வால்வு சீட் (காற்று வழியை அடைக்கும் பாகம்), ஹோஸ் மாதிரி ரப்பர், பிளாஸ்டிக் சாமான்கள்தான். பெட்டியில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகி விரிசல் விடும்.

ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான முதல் நிலை, சிலிண்டரில் உள்ள 200 பார் அழுத்தத்தைச் சுமார் 9, 10 பாருக்குக் குறைக்கிறது. சர்வீஸ் செய்பவரிடம் இந்தக் குறைந்த அழுத்தத்தை அளக்க ஒரு கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் தேய்ந்திருக்கும், அல்லது அது அமரும் உலோக விளிம்பில் கீறல் விழுந்திருக்கும். சீட்டை மாற்றிவிடலாம். விளிம்பு போயிருந்தால், அதைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியாத மாடல்களில் கதை முடிந்தது.

காற்று உள்ளே நுழையும் இடத்தில் உள்ள வடிகட்டியையும் பாருங்கள். பச்சைப் பொடி இருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. நானாக இருந்தால் புதிதுதான் வாங்குவேன். மற்றபடி சர்வீஸ் செலவு புது விலையில் பாதியைத் தாண்டாதவரை பழையதையே சரிசெய்வேன். யூடியூப் பார்த்து நீங்களே பிரிப்பது மட்டும் வேண்டாம், அப்புறம் மூச்சு விடப்போவது அதில்தானே.