கேளுங்கள், சொல்கிறோம்: லண்டன் பாதாள ரயில்

கேள்வி: லண்டன் பாதாள ரயிலில் சர்க்கிள் தடத்தில் ஏசி இருக்கிறது, சென்ட்ரல் தடத்தில் வியர்த்துக் கொட்டுகிறது. ஒரே ஊர், ஒரே டிக்கெட், ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: இரண்டும் ஒரே சாதி ரயில் இல்லை. 1863 ஜனவரியில் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டனுக்கு ஓடியதே, உலகின் முதல் பாதாள ரயில், அதற்குத் தெருவைப் பள்ளமாகத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடி மறுபடி தெருவாக்கினார்கள். நீராவி எஞ்சின் என்பதால் புகை போக அங்கங்கே திறந்தவெளி விட்டாக வேண்டும், சுரங்கமும் அகலம். சர்க்கிள் தடம் அந்த வம்சம், ஏசி வெளியே தள்ளும் சூடு போக அங்கே வழி உண்டு.

1890-ல் மின்சாரம் வந்ததும் களிமண்ணை ஆழத்தில் வட்டமாகக் குடைந்தார்கள். சென்ட்ரல் தடம் 1900. குழாயின் விட்டம் சுமார் மூன்றரை மீட்டர்தான், உறைக்குள் கத்தி மாதிரி ரயில் உள்ளே போகும். வாசலோரம் நிற்கும் உயரமான ஆள் கழுத்தை வளைத்துத்தான் நிற்க வேண்டும். ஏசி வைக்க இடமில்லை, வைத்தாலும் அந்தச் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் ‘வெயிலுக்குக் கீழே வாருங்கள், குளுகுளுவென்று இருக்கும்’ என்றுதான் விளம்பரம் செய்தார்கள்! அப்போது களிமண்ணின் வெப்பம் சுமார் 14 டிகிரி. நூறு வருஷமாக ரயில்கள் பிரேக் போட்டுப் போட்டு, அந்தச் சூட்டை மண் குடித்துக் குடித்து, இனி வாங்க முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

தனியார் கம்பெனிகளின் சிக்கனம் இன்னொன்று. வீடுகளுக்கு அடியில் போனால் உரிமையாளருக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்று தெருவுக்கு அடியிலேயே வளைந்து வளைந்து குடைந்தார்கள். பேங்க் நிலையத்தில் சென்ட்ரல் தட நடைமேடை வில் மாதிரி வளைந்திருப்பதைப் பாருங்கள். பெட்டி நேர்கோடு, மேடை வளைவு, நடுவே இடைவெளி. ‘இடைவெளி, கவனம்’ என்று ஒலிபெருக்கி கத்துவது சும்மா இல்லை.

கேள்வி: தேம்ஸுக்குத் தெற்கே மட்டும் பாதாள ரயில் ஏன் இவ்வளவு குறைச்சல்?

பதில்: அங்கே மேலே ஓடும் ரயில்கள் ஏற்கெனவே வலைபோல இருந்தன, போட்டிக்கு இறங்கக் கம்பெனிகளுக்கு மனசில்லை. மண்ணும் அப்படி: பல இடங்களில் நீர் ஊறிய மணலும் சரளையும், குடைவது பெரும்பாடு.

கேள்வி: கிழக்கு லண்டனின் பழைய துறைமுகப் பகுதியில் ஓடும் டி.எல்.ஆர். (டாக்லாண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலில் ஓட்டுநரே கிடையாதாமே, பயமில்லையா?

பதில்: கிடையாது, ஆனால் கதவை மூட, பயணிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஊழியர் உள்ளேயே இருப்பார். ஓட்டுநர் அறை இல்லாததால் முன்சீட்டுக்குக் குழந்தைகள் அடித்துக்கொள்வார்கள் (பெரியவர்களும்தான், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்).

இது பிறந்ததே கையிருப்புக்குத் தக்கபடி. துறைமுகம் மூடி வெறிச்சோடிக் கிடந்த பகுதிக்குப் பாதாள ரயில் கட்டுப்படியாகாது என்று, பழைய ரயில் மேம்பாலங்களையே பயன்படுத்தி 7.7 கோடி பவுண்டில் 1987-ல் முடித்தார்கள். 15 நிலையம், 11 ரயில், ஒவ்வொன்றும் ஒற்றை வண்டி. அப்புறம் அதே பகுதியில், கேனரி வார்ஃபில், அலுவலகக் கோபுரங்கள் முளைத்தன, கூட்டம் தாங்கவில்லை. மேடையை இரண்டு வண்டிக்கு நீட்டினார்கள் (வெகு பின்னாளில் மூன்றுக்கு); 1991-ல் பேங்க் வரை சுரங்கம். கடைசியில் 1999-ல் கட்டுப்படியாகாது என்ற பாதாள ரயிலையே, ஜூபிலி தடத்தை, பல நூறு கோடி பவுண்டு செலவழித்து அங்கே கொண்டுவந்தார்கள். சரி, அந்த முதல் 11 ரயில்கள் என்னாயின? தீ விதிப்படி சுரங்கத்துக்குள் ஓட முடியாதென்று ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு விற்றுவிட்டார்கள். அங்கே போனதும் முதல் வேலையாக ஓட்டுநர் அறை கட்டினார்கள்.