இறக்கத்தில் நடந்து பார்த்து ஷூ வாங்குங்கள்

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து தினமும் பஸ் நிலையத்துக்கு இறங்கி, மாலையில் ஏறி வரும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “பள்ளிக்கும் போடும்படி, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஸ்னீக்கர் வேண்டும். கேன்வாஸ் 1,200 ரூபாய், தோல் 3,500 ரூபாய். இவ்வளவு கூடக் கொடுக்கலாமா?”

கொடுக்கலாம் அம்மா. ஆனால் அது அந்த விலைக்கு உரிய ஷூதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கடைக்குள் சமதரையில் நாலடி நடந்தால் எந்த ஷூவும் சுகமாகத்தான் இருக்கும். காலைப் பதம் பார்ப்பது இறக்கம். பாதம் முன்னால் சரிந்து விரல்கள் முனையில் இடித்தால், நாளடைவில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். அதனால் மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், குளிருக்குப் போடும் அதே கனத்த காலுறையோடு போங்கள். கடைசித் துளை வரை லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடை வாசல் சரிவிலோ படியிலோ இறங்கிப் பாருங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிஞ்ச வேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது. ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்குவது பாதத்தைத் தாங்காது.

அடுத்து சோல். அடியில் ரப்பரே இல்லாமல் வெறும் நுரைப்பொருளாக இருந்தால் கடையில் மெத்தென்று இருக்கும். விரைவில் தேயும், ஐப்பசி மழையில் நனைந்த கற்படியில் வழுக்கும். ஆழமான வரிகள் கொண்ட ரப்பர் அடிதான் உங்களுக்கு.

இனி விலை. சோலின் ஓரத்தில் ஓடும் தையலை நகத்தால் நெருடுங்கள். சில ஷூக்களில் அது நூலே அல்ல, ரப்பரில் அச்சடித்த கோடு. உள்ளட்டையை உயர்த்தினால், உண்மையான தையல் உள்ளேயும் வரிசையாகத் தெரியும். ஷூ நாக்கின் வெட்டிய ஓரத்தையும் கவனியுங்கள்: தோல் என்றால் நார் நாராக இருக்கும். துணி இழை தெரிந்தால் அது மேல்பூச்சு. மடிப்பில் வெடித்து உரியும். அதற்கு 3,500 ரூபாய் அதிகம்.

கேன்வாஸ் அழகுதான், காலுக்கும் இலேசு. ஆனால் மூடுபனி நாட்களில் நனைந்தால் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். மாற்றிப் போட இரண்டு ஜோடி வாங்கினால் 2,400 ஆகிவிடுகிறது. தோலில் தூறல் பட்டால் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். நிறத்தில் தூய வெள்ளையை விடுங்கள், செம்மண் கறை போகாது. பழுப்போ சாம்பலோ புடவைக்கும் பொருந்தும்.

நன்றாக நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். அடுப்புக்கோ ஹீட்டருக்கோ அருகில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

தள்ளுபடியில் பழைய இருப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பாலியூரிதேன் என்ற நுரை பிளாஸ்டிக்கில் செய்த சோல், போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் நாளடைவில் பொடிந்து உதிரும். பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் பார்த்து வாங்குங்கள்.