பழைய வீடியோ கேம்கள்தான் இன்றையதைவிடச் சிறந்தவையா?

'பழைய கேம்' என்று இங்கே சொல்வது டிவியில் கேசட் செருகி ஆடியவற்றை. பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் முழுப்பரீட்சை லீவில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடினோமே, அதேதான்.

அவற்றின் பலமே இடநெருக்கடிதான். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த மாரியோ கேமில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு! அலங்காரத்துக்கு இடமில்லை, அதனால் குதிப்பதும் விழுவதும் கச்சிதமாக அமைய வேண்டியிருந்தது. கேசட் விற்றபின் திருத்தவும் முடியாது. இன்றோ அரைகுறையாக வெளியிட்டுவிட்டு, பிறகு ஜிபி கணக்கில் அப்டேட் அனுப்புகிறார்கள். இந்த விஷயத்தில் என் ஓட்டு பழசுக்கே.

ஆனால் நல்லது மட்டும்தான் நினைவில் நிற்கும். நெல்லையப்பர் கோயிலைப் பார்த்து 'அந்தக் காலத்துக் கட்டடமெல்லாம் உறுதி' என்கிறோம். இடிந்துபோன அக்கால வீடுகள் கண்ணில் படுவதில்லை. மொக்கை கேம்களும் அப்போது ஏராளம். பலவற்றில் ஆட்டத்தைச் சேமிக்கவும் வழியில்லை, கரண்ட் போனால் முதலிலிருந்துதான்.

இன்றைய கேம்கள்தான் காசு பிடுங்குகின்றன என்பதும் சரியல்ல. 1980-களின் ஆர்கேட் எந்திரங்கள் (பொது இடங்களில் காசு போட்டு ஆடும் கேம் எந்திரங்கள்) பலவும் ஆடுபவரைச் சீக்கிரம் தோற்கடித்து அடுத்த நாணயத்தைக் கேட்டவைதான்.