மக்கள்தொகை பெருகும்போது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் எல்லோருக்கும் சோறு போட முடியுமா?

முடியும், ஆனால் ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகும். 1951-இல் 36 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 2011-இல் 121 கோடியானது. அவர்களுக்குச் சோறு போட்டதில் பஞ்சாபுக்குப் பெரும்பங்கு. அதற்குக் கொடுத்த விலை நிலத்தடி நீர். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், நெல்லுக்கு அரசு கொள்முதல். யார்தான் மோட்டாரை நிறுத்துவார்?

சரி, தண்ணீரைக் காப்போம் என்று 2009-இல் சட்டம் போட்டு, கடும் கோடையில் நீர் இறைப்பதைக் குறைக்க, ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்றார்கள். நடவோடு அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க அவகாசம் சில வாரங்கள்தான். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற நெல் தாளை வயலிலேயே கொளுத்தும் வழக்கம் நவம்பர் பக்கம் நகர்ந்தது. காற்று அசையாத அந்த நாட்களில் புகை டெல்லியை மூடுகிறது.

என்னைக் கேட்டால், பஞ்சாபில் நெல்லுக்குப் பதில் மக்காச்சோளமும் பருப்பும் விளையட்டும். ஆனால் அவற்றையும் அரசு உறுதியாக வாங்காதவரை விவசாயி மாறமாட்டார்.